பூஸ்டருக்கு எடம் இல்ல

பாஞ்சால,

நீ சந்தையிலேர்ந்து வர்றதுக்குள்ள நான் ஒடுகத்தூர் பஸ் ஏறிடுவேன். சாமைச் சோறும் கொழம்பும் மூடி வெச்சிருக்கேன். சுட வெச்சுச் சாப்பிடு.

உன் ஜீப்புல, பிரேக்க லேசா மிதிக்க வெக்கிற பூஸ்டர் உக்காரல. மெக்கானிக் சத்தார் பாய் காலையில வூட்டுக்கே வந்து பாத்தாரு. நான் மாத்துன பெரிய எஞ்சின் பூஸ்டர் இருந்த எடத்த முழுங்கிடுச்சு. சீட்டுக்கு அடியில வெச்சா ஷாஃப்ட் உரசுது. தள்ளி வெச்சா சைலன்சர் சூட்டுல அதோட ரப்பர் ஓஸ் உருகுது. "இந்த எஞ்சின் கீற வரைக்கும் இதுக்கு எடம் கெடையாதுப்பா"ன்னுட்டு டீ கூடக் குடிக்காம போய்ட்டாரு. பழைய எஞ்சின வாங்குன கடையில கேட்டா, ஒடச்சு இரும்பா வித்துட்டாங்களாம்.

"எஞ்சின மாத்துனியே, என் கால மாத்த முடியுமா?"ன்னு நேத்து கேட்ட. ஆபரேஷன்ல கம்பி வெச்ச காலால, பூஸ்டர் இல்லாத பெடல மலை எறக்கத்துல நீ எப்படி மிதிப்ப? வேகம் பத்தலன்னு நீ ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்குத்தான் ஆச.

நீ ஏத்திக்கினு போற ஸ்கூல் டீச்சருங்ககிட்ட, திங்கக்கெழமையிலேர்ந்து வேற வண்டி பாத்துக்கச் சொல்லிட்டேன். உன்னக் கேக்காம சொன்னது தப்புதான்.

சாவி என்கிட்ட கீது. உன்கிட்ட இருந்தா ஓட்டிப் பாப்ப.

விஜயராஜ்

இன்னொண்ணு: ஜீப்ப வாங்க ஆள் பாக்கத்தான் போறேன். முன் கண்ணாடியில ஒட்டியிருக்கிற உன் பேர உரிக்கப் போனேன். கை வரல. நீயே எடுத்துடு.