உடைக்காத தேங்காய்

மலையிலேயே தங்கிவிட்ட என் ஆசை அப்பாவுக்கு,

துபாயிலிருந்து உங்கள் மகள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம்ம கண்டி மலைத் தேயிலைத் தோட்டத்துப் பனியைத் திட்டித் தீர்ப்பேனே, இப்போது அதற்குத்தான் ஏங்குகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டு அமெரிக்க மேடம் ரொம்ப நாளாகத் தன் பரம்பரையைத் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்கா இங்கிலீஷ்காரன் கையில் இருந்த காலத்தில் அங்கே முதலில் கப்பலேறிப் போன அவர் பாட்டன் பெரிய பிரபுவாக இருப்பான் என்று நினைத்தேன். பார்த்தால், கப்பல் கூலிக்குப் பதிலாக வருஷக்கணக்கில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்த மனுஷனாம். நமக்குத் தேயிலை, அவங்களுக்குப் புகையிலை. வெள்ளைக்காரனையும் மேய்க்க ஒரு கங்காணி இருந்திருக்கிறான் அப்பா!

அவன் பிறந்த ஊரை இங்கிலாந்தில் கண்டுபிடித்து, லீவில் போய் ஒரு போத்தலில் மண் அள்ளி வந்தார் மேடம். அதை என்னிடம் காட்டி அழுதார். பிறகு, உன் ஆட்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கு முன்னால் என்றார். பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

நம்ம லயத்து வீடுகளில் பாதிப் பேர் இந்தியாவுக்கு மூட்டை கட்டியபோது நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது. "எந்த ஊருனு சொல்லி டிக்கட் எடுக்குறது புள்ள?" அதைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிட்டீர்களே.

மாசி சிவராத்திரிக்கு, நீங்கள் செய்வது போலவே குலசாமியை நினைத்து ஒரு முழுத் தேங்காயை மேடம் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தேன். ஏன் உடைப்பதில்லை என்று சின்ன வயதில் கேட்டால், எங்கப்பன் உடைக்கவில்லை, நானும் உடைக்கவில்லை என்பீர்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

மறுவாரம் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து செடி வைக்க வரும் கருப்பையா அண்ணன் குழி தோண்டும்போது அது கையில் வந்துவிட்டது. அவர் புதுக்கோட்டைப் பக்கம். செய்வினை என்று ஊரைக் கூட்டப்போகிறார் என்று பயந்தேன். ஓடிப்போய், அது எங்கள் குலசாமிக்கு வைத்தது என்றேன். அவர் தேங்காயில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க ஊர் மருதங்குடில ஒரே ஒரு பங்காளி வீட்லதான் தங்கச்சி இப்படிப் பொதைப்பாக. அவுகள்ல ஒரு தலைக்கட்டு, குடும்பத்தோட பஞ்சத்துல கண்டிச்சீமைக்குப் போயிருச்சாம். திரும்பி வந்து ஒண்ணாச் சாமி கும்புடுற அன்னைக்குத்தான் உடைக்கணும்னு ரெண்டு பக்கமும் வாக்காம். இன்னமும் பொதைக்கிறாக."

மருதங்குடி, அப்பா. நம்ம ஊர் மருதங்குடி. நாம் மறந்தே போன ஆட்கள், வருஷா வருஷம் நம்மை எதிர்பார்த்திருக்கிறார்கள். நீங்கள் இருக்கும்போதே இது தெரிந்திருக்கக் கூடாதா?

தேங்காயை இருந்த இடத்திலேயே வைத்து மூடினோம். மேடமிடம் சொன்னேன். அடுத்த மாசிக்கு லீவு தருவதாகச் சொல்லி, என்னைக் கட்டிக்கொண்டு ஒரு காலிப் போத்தலையும் கையில் திணித்தார்.

உங்களைப் புதைத்த இடத்தில் தேயிலைக் கன்று நட்டுவிட்டார்களாம், தம்பி எழுதியிருந்தான். நடட்டும், இடம் எனக்குத் தெரியும். முதலில் உங்களிடம் வருவேன். உங்கள் மேல் கிடக்கும் மண்ணை அந்தப் போத்தலில் அள்ளிக்கொண்டு மருதங்குடி போவேன். அங்கே பங்காளிகளோடு சாமி கும்பிட்டு, இத்தனை காலம் உடைக்காத தேங்காயை நாம் ரெண்டு பேரும் சேர்ந்தே உடைப்போம், அப்பா.

இப்படிக்கு,
மருதங்குடிப் பங்காளி வீட்டுப் பெண்,
உங்கள் மூத்த மகள்