அகிலாண்டத்துக்குத் தமிழ் போன பிறகு

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் சிம்மக்கல் நூலகத்துக்குப் போக முடியவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவி அகிலாண்டத்துக்குத் தமிழ் வாயில் வரவில்லை. பிறர் பேசினாலும் விளங்குவதில்லை. வீட்டில் பேசும் சௌராஷ்டிரம் மட்டும் மிச்சம். தண்ணீர் கேட்டால்கூட நான்தான் மருமகளிடம் சொல்ல வேண்டும். திவ்யா மேலூர்ப் பெண், எங்கள் பேச்சு தெரியாது. "அத்தை சைகை காட்டினாப் போதும் மாமா, நான் பாத்துக்கிருவேன்" என்கிறாள். தலைவலியைக் கையால் காட்டலாம். 'சோற்றை நேற்றுப் போல் குழையவிடாதே' என்பதை எப்படிக் காட்டுவது?

ஜூன் 8, ஞாயிறு
என் குடலிறக்க அறுவை சிகிச்சையை இனித் தள்ளிப்போட முடியாதாம். வியாழன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதுவரை சரி, அப்புறம் இவளுக்கு யார்? மகன் ஷ்யாமிடம் கேட்டேன். "அம்மா பேசுறது புரியும்ப்பா. எனக்குப் பேச வராது." அவன் தமிழில் ஏதோ சொல்ல, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 9
அகிலாண்டத்தின் தாயார் பேசினால் பத்துச் சொல்லில் ஒன்று தமிழாக இருக்கும். எங்களுக்கு நாலு. ஷ்யாமுக்குப் பத்தும். நான் வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் ஒரு பையன் மார்க்கில் இப்படி இறங்கியிருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே பெற்றோர் நாங்கள்தான்.

ஜூன் 11, புதன்
"பேசித்தான் பாரேன்டா."
"தப்பாப் போயிரும்ப்பா. நம்ம சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் சிரிப்பாங்க."
எங்கள் ஆட்களின் பழக்கம் இது — பிள்ளைகள் தமிழ் வாடையோடு பேசினால் கேலி செய்தே வாயை அடைத்துவிடுவோம். பிறகு, பிள்ளைகள் பேசுவதில்லையே என்று கூட்டம் போட்டு வருந்துவோம்.
"சிரிச்சாச் சிரிக்கட்டும். நான் என்ன, ஆபரேஷன் மேசையில படுத்துக்கிட்டு போன்ல சொல்லவா?"
அவன் எழுந்து போய்விட்டான். எனக்கும் வாதாடத் தெம்பில்லை.

ஜூன் 12
சேர்ந்தாயிற்று. பயம் வயிற்றைப் பற்றி இல்லை.

ஜூன் 14, சனி
போனில் திவ்யா: "உங்க மகன் என்னமோ பேசுறாரு மாமா. எனக்கே பாதி புரியுதுன்னாப் பாத்துக்கங்களேன். அத்தை திட்டுறாங்க போல. ஆனா சாப்பிட்டாங்க."

ஜூன் 17, செவ்வாய்
வீடு. ஷ்யாம் பேசுவதைக் கேட்டேன். எங்கள் சொல் ஒன்று, தமிழ் இரண்டு, நடுவில் ஒரு இங்கிலீஷ். என் அம்மா கேட்டிருந்தால் இதைச் சௌராஷ்டிரம் என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். அகிலாண்டமோ புரிந்துகொண்டு தலையாட்டுகிறாள். திருத்த வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு
மதியம் திவ்யா சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அகிலாண்டம் தட்டின் மேல் கையை வைத்து, "இம்புட்டுப் போதும்" என்றாள். திக்கித்தான். ஆனால் தமிழில். திவ்யா கரண்டியோடு அப்படியே நின்றாள். ஷ்யாம் அவசரமாக அடுத்த கேள்வியைத் தன் கலப்படத்தில் கேட்டான் — குழம்பு வேண்டுமா என்று.

நான் போய்ப் படுத்தேன். சாயங்காலம் வரை என்னை யாரும் கூப்பிடவில்லை.