அந்த 1 நான்

அப்பா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்களிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

உங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். அட்டையில் இன்னும் கப்பல் பட்டறை எண்ணெய் வாசனை. தம்பிகள் இருவரும் எனக்கு இரு பக்கமும் தூங்குகிறார்கள். ஆளுக்கொரு கையால் என் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் தேர்வுக்காக, செம்பவாங் பட்டறையில் வேலை முடிந்து வந்து என்னிடம்தான் கணக்குப் படிப்பீர்கள். 'முத்துவும் அவனுடைய மூன்று நண்பர்களும் 24 வடைகளைச் சமமாகப் பங்கிட்டனர்' என்றிருந்தால், 3x = 24 என்று எழுதுவீர்கள். முத்துவை விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும். தேக்கா சந்தையில் வாங்கிய ஆறு வடையையும் அப்படித்தான் பங்கிட்டீர்கள். எங்கள் மூவருக்கும் இரண்டிரண்டு.

"உங்கள எண்ணலப்பா!"

"டீச்சரம்மா, எனக்கு வேணாம் லா. வேலையிலயே சாப்டேன்."

பொய் என்று தெரியும். உங்கள் வயிறு கத்தியதே.

இன்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பழக்கத்தில் நான்கு தட்டு வைத்துவிட்டேன். அத்தை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் கூடத்தில் அவரும் சித்தப்பாவும் பேசியது கதவு வழியே கேட்டது.

"செங்காங் வீட்ல எடமே இல்லக்கா. ஒரு பையன வேணா வச்சுக்கறேன்."

"இன்னொருத்தன நான் பாசிர் ரிஸ்ல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆளுக்கு ஒண்ணு, சமமாப் போச்சு."

"பெரியவ?"

அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு ஹாஸ்டல் எதாச்சும் பாப்போம். இப்ப சொல்லாத. காலையில பசங்க துணிய மட்டும் எடு."

வீடு இரண்டு, பிள்ளைகள் மூன்று. 2x + 1 = 3. x = 1, மீதி 1. கணக்கில் பிழையே இல்லை அப்பா. அந்த 1 நான்.

தம்பிகள் இரட்டையராகப் பிறந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அன்றிலிருந்து இவர்கள் தனித்தனியாகத் தூங்கியதே இல்லை. காலையில் விழித்து மற்றவனைத் தேடினால், யார் என்ன சொல்வார்கள்?

உங்களிடம் சொன்னதையே அவர்களிடமும் சொல்லப்போகிறேன். "என்னை எண்ணல சித்தப்பா. மூணு பேரையும் சேர்த்து ஒரே x-னு வச்சுக்குங்க." பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். குரல்தான் வரவில்லை. வராவிட்டால், யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சிய இந்த நோட்டையே அவர்களிடம் நீட்டி—

அத்தை கதவைத் தட்டுகிறார். "இன்னும் தூங்கலையா? கதவத் தொற." காலை வரைகூடப் பொறுக்காமல், கட்டிலடியில் இருக்கும் தம்பிகளின் துணிப்பெட்டியை எடுக்கத்தான் வந்திருக்கிறார். தம்பியின் பிடி இறுகுகிறது. அப்பா, நான்—