ஆவுளியாவுக்கு வைத்த படையல்

போடிநாயக்கனூர்,
ஆவணி 12.

மாப்பிள்ளை மொக்கச்சாமிக்கு மாமியார் செல்லக்கிளி எழுதுவது. நானும் பேத்தி ஜோதியும் சுகம். மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. விடிய ஜீப்பு ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. அட்டை கடித்துக் கால் புண்ணாகிக் கிடக்கிறது.

உங்கள் மகள் ஜோதியை உங்கள் இரண்டாம் சம்சாரத்தின் தம்பிக்குக் கேட்டிருந்தீர்கள். உங்கள் தீவில் சொந்த வீடு, ராணி மாதிரி இருப்பாள் என்று. அவள் ஆத்தாளைப் பெண் கேட்டு வந்தபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

ஏழு வருசம் முந்தி, ஆடி அமாவாசைக்கு மறுநாள், என் கற்பகத்தை வேனில் பிணமாகக் கொண்டுவந்து இறக்கினீர்கள். கழுத்தில் என்ன தடம் என்று கேட்டேன். "அத்தே, அது ஆவுளியா புடிச்சது. பொம்பள மாதிரி மாரு, கையி. கடல்ல குளிக்கிற ஆளக் கட்டிப்புடிச்சு இறுக்கிரும்" என்றீர்கள்.

நம்பினேன். மலையில் யானை ஆளை அடித்தாலும் நாங்கள் கோபம் வைப்பதில்லை. சாமி என்று சூடம் கொளுத்திப் பழம் வைப்போம். அதுபோலவே வருசா வருசம் கொட்டகுடி ஆற்றில் பழமும் வெல்லமும் விட்டேன். வைகையில் கலந்து கடலுக்குப் போகும், அந்தச் சீவன் தின்று ஆறட்டும் என்று.

போன மாதம் ஜோதியைக் காலேஜில் உங்கள் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். கருவாடு காயப்போட்ட ஒரு அம்மாளிடம், ஆத்தாளை ஆவுளியா கையால் கழுத்தை இறுக்கிக் கொன்றதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தம்மாள், "எந்தக் கிறுக்கன் தாயி சொன்னான்? அது கடப்பசு, கடலுக்குள்ள புல்லு மேயிற சீவன். படகுச் சத்தத்துக்கே ஓடிரும். அதுக்கு ஏது வெரலு? துடுப்புல்ல இருக்கு" என்றாளாம்.

இனி உனக்கு என்ன மரியாதை? அவளைக் குளிப்பாட்டியவள் நான். ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் பெருவிரல். மூன்றாம் விரல் தடத்தில் மோதிரம் அழுந்திய வட்டம். கல்யாணத்துக்கு நான் போட்ட மோதிரம். அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.

எரித்துவிடலாம் என்று நீ பறந்தாய். நான்தான் எங்கள் வழக்கப்படி புதைத்தேன். எலும்பையாவது தோண்டிப் பார்க்கச் சொல்லி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. தகப்பன் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி ஜோதிதான் கையெழுத்துப் போட்டாள். உன் இப்போதைய சம்சாரத்துக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவளையும் ஒருத்தி பெற்றுத்தானே வளர்த்திருப்பாள்.

வேளைக்குச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. காற்று நாளில் படகு ஏறாதே. உனக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று மாரியம்மனுக்குத் தினமும் விளக்குப் போடுகிறேன், மாப்பிள்ளை. நாங்கள் வந்து சேருகிறவரை நல்லபடியாக இரு.

கற்பகத்தின் ஆத்தா,
செல்லக்கிளி