சூட்டு அறையில் காய்ந்த ஓடுகள்

போடிநாயக்கனூர்,
18 நவம்பர், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெபஷீலாவுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் தம்பி விஜய்ராஜும் சுகமாக இருக்கிறோம், நீ சுகமாக இருப்பதாக உன் வாயாலேயே கேட்டும் இந்த முறை மனம் அடங்கவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். தபாலில் போட்டால் டப்ளினுக்கு வந்து சேரக் கிறிஸ்துமஸ் தாண்டிவிடும், ஆகையால் எழுதி முடித்ததும் விஜய்ராஜ் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவான். டூட்டி முடிந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே இறங்குவதற்கு முன்னால் முழுவதையும் வாசித்துவிடு. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வலது கை வீங்கியிருக்கிறது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை, கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது, மலையிலிருந்து வருகிற ஏலக்காயெல்லாம் ஈரக் காயாகவே வருகிறது, அதனால் மூட்டை அடுக்குகிற நம் கிட்டங்கிக்குப் பின்னால் காயை உலர்த்துகிற சூட்டு அறை பகலெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுக்க மதுரைக்கு ரயிலில் போய்த் தேதி வாங்கி வந்தோம், போகிற வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் சத்தமாக வாசித்துக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நிரூபித்துக்கொண்டே வந்தாள். விஜய்ராஜுக்குக் கம்பத்தில் ஒரு வீட்டில் பேசியிருக்கிறோம், பெண் வீட்டார் அடுத்த மாதம் வருகிறார்கள், அவன் அதற்குள் வயிற்றைக் குறைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு காலையில் நான்கு இட்லியை மூன்றாக்கி, பத்து மணிக்கு வடையும் டீயும் சேர்த்துக்கொண்டிருக்கிறான். மற்றபடி வீட்டில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நீ போன் செய்தாய். பத்து நாளாக ஒருத்தன் நீ இறங்குகிற பஸ் ஸ்டாப்பிலேயே இறங்குகிறான், வாய்க்கால் ஓரத்துப் பாதையில் உன் பின்னாலேயே வருகிறான், நீ நின்றால் நிற்கிறான் என்று சொன்னாய். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்றும் சொன்னாய். அதோடு விட்டிருந்தால் நான் இரண்டு வார்த்தை சொல்லி வைத்திருப்பேன். ஆனால் நீ அடுத்ததாக, "இந்த வாரம் திரும்பி நின்னு கேக்கப் போறேம்ப்பா, கையத் தொட்டான்னா மணிக்கட்டத் திருகிக் கீழ போட்டுருவேன்" என்றாய். அதைப் பக்கத்தில் நின்று கேட்ட உன் அம்மா பதறிப்போய், "ஓடு, ஏத்தா, ஓடு" என்று போனுக்குள் கத்தினாள். நீ என்ன செய்தாய் தெரியுமா, சிரித்தாய். "ஆமாம்மா, பத்து ஓடு ஒடச்ச கைதான, எவன் வாலாட்டுவான்" என்றாய். ஓடிப்போ என்று பெற்றவள் சொன்னதை உடைத்த ஓடு என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் திருத்திச் சொல்வதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. மறுபடி நான் கூப்பிட்டபோது, "பிளாக் பெல்ட் மகளப் பெத்துட்டு நீக போயி பயப்படுறீகளே" என்று என்னையே கேலி செய்தாய். அதற்கு மேல் என்னால் போனில் பேச முடியவில்லை. பேச வேண்டியது அந்த ஓட்டைப் பற்றித்தான், அதை உன் அம்மா காதுபட எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது எழுதுகிறேன். நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் நம் கல்யாண மண்டபத்தில் கராத்தே விழா நடந்ததே, அதற்கு இரண்டு நாள் முன்னால் உன் மாஸ்டர் கர்ணன் ஒரு ஆட்டோ நிறையச் சீமை ஓடு ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தார். "அண்ணாச்சி, மழையில நனைஞ்சு கெடக்கு, ரெண்டு நாளு ஒங்க சூட்டு ரூம்ல வச்சுக்கிறேன், புள்ளைகளுக்குக் கை வலிக்கக் கூடாது" என்றார். ஏலக்காயை விரலில் உருட்டிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்கிறவன் நான், நன்றாகக் காய்ந்தது எது, காயாதது எது என்பது எனக்குத் தெரியாதா. இரண்டு நாள் சூட்டில் கிடந்த ஓடு லேசாகத் தட்டினாலே உடைகிற மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. அடுக்கும்போது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பென்சில் துண்டுகளை வைத்தார், இடைவெளி இருந்தால் மேல் ஓடு உடைந்து விழுகிற வேகத்திலேயே கீழ் ஓடும் உடையுமாம். இது பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "சொன்னா கை ஓங்காது அண்ணாச்சி" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நீ வெள்ளை உடுப்பில் வந்து ஒரே அடியில் பத்தையும் உடைத்தாய், நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினேன். பிறகு வந்த ஒவ்வொரு விழாவுக்கும் ஓடு நம் சூட்டு அறையில்தான் காய்ந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீ சந்தோஷமாக இருந்தாய், நானும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம், வருகிற மாதத்து விழாவுக்காகக் கர்ணன் வைத்துவிட்டுப் போயிருந்த ஓடு அறையில் இருந்தது. எனக்கு அறுபத்து மூன்று வயது, சர்க்கரை இருக்கிறது, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க விஜய்ராஜைக் கூப்பிடுகிறவன். நான்கு ஓட்டைப் பென்சில் வைத்து அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி அடித்தேன். நான்கும் உடைந்துவிட்டன ஜெபா. உடைந்ததைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, உன்னை நினைத்துப் பயமும் வந்தது. பிறகு கொல்லையில் மழையில் நனைந்து கிடந்த பழைய ஓடுகளில் இரண்டே இரண்டை எடுத்து, பென்சில் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்தேன். ஓடு அப்படியே இருந்தது, கைதான் பன்னுபோல வீங்கிவிட்டது. மூட்டை சரிந்து விழுந்தது என்று அம்மாவிடம் சொன்னேன், உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே "எந்த மூட்டை" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஓடு மட்டும் பொய், மற்றதெல்லாம் மெய் என்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். போன மாதம் நம் கடை வாசலில் ஒரு சண்டை நடந்தது. மூட்டை தூக்குகிற சுருளியாண்டி உனக்குத் தெரியும், அவனுக்கும் இன்னொரு ஆளுக்கும் லாரியில் யார் முதலில் ஏற்றுவது என்று பேச்சு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. எதிர் டீக்கடையில் கர்ணன் நின்றிருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள், பாவம், அவரும் பார்க்காததுபோல் எவ்வளவு நேரம்தான் நிற்பார். கிளாஸை வைத்துவிட்டு வந்து, மேடையில் செய்வாரே, அதேபோல் சுருளியாண்டியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். சுருளியாண்டி விழவில்லை. யார் பிடித்தது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, கையை ஓர் உதறு உதறினான், அந்த முழங்கை பட்டு மாஸ்டரின் புருவம் பிளந்துவிட்டது. சுருளியாண்டியும் அந்த இன்னொரு ஆளும் சாக்கடை ஓரத்தில் உருண்டார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், காலை வாரினார்கள், மேடையில் பார்க்கிற அழகு ஒன்றுகூட அங்கே கிடையாது, ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தும் போய்விட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்தவரிடம் சுருளியாண்டி, "மாஸ்டரு வந்ததே எனக்குத் தெரியாதுங்க" என்று அழாத குறையாகச் சொன்னான். கர்ணன் அன்றைக்கு நம் கடையில்தான் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகும்போது, "அண்ணாச்சி, பதினாறு வருசமா விழத் தெரிஞ்சவன்கூடயே சண்ட போட்டுருக்கேன், விழ மாட்டேங்கிறவன இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, தனக்கே தெரியாமல் ஏமாந்திருக்கிறார், அந்த வரிசையில் நானும் நீயும் நிற்கிறோம்.

நீ வீட்டில் பழகும்போதெல்லாம் விழுந்தவன் விஜய்ராஜ்தான். நேற்று அவனிடம் கேட்டேன், அக்கா கையைத் திருகும்போது உண்மையிலேயே வலிக்குமா என்று. தலையைச் சொறிந்தான். "விழுந்தா பரோட்டா வாங்கித் தருவாப்பா, அதுவும் சீக்கிரம் விழுந்தா முட்டையும் சேத்து" என்றான். எந்தக் கையைப் பிடிப்பான், எப்போது விடுவான் என்று உனக்குத் தெரியும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வாய்க்கால் ஓரத்தில் வருகிறவனுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? ஏலம் விடுவதற்கு முன்னால் சாம்பிளுக்குத் தட்டில் வைக்கிற காய் ஒவ்வொன்றும் பொறுக்கி எடுத்ததாக இருக்கும், அதை மட்டும் பார்த்து மூட்டையை எடுக்கிறவன் இந்தப் பஜாரில் ஒரு வருஷம் தாங்க மாட்டான், மேடையில் பார்ப்பதும் அந்தச் சாம்பிள் காய்தான். அதற்காக நீ கற்றதெல்லாம் வீண் என்றும் நான் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்குக் கிரவுண்டைச் சுற்றி ஓடினாய், மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறாய், நீ கத்தினால் தெருக்கோடியில் கேட்கும், ஒருத்தன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று கண்ணாலேயே அளந்துவிடுவாய். கையுறை போட்டுக்கொண்டு நிஜமாகவே அடித்துப் பழகினீர்களே, அது உண்மையான பயிற்சி என்று கர்ணனே சொல்கிறார், நீ அதை ஆறு மாதம்தான் செய்தாய், மூக்கில் ரத்தம் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். அன்றைக்கு உனக்கு எப்படி வலித்தது, கண் எப்படி இருட்டியது என்பதை ஞாபகப்படுத்திப் பார், சண்டையைப் பற்றி உனக்கு உண்மையாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்று காலையில் கர்ணனைக் கூப்பிட்டு உன் விஷயத்தைச் சொல்லி, அந்த இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்வீர் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, "நானா, வெளிச்சமா இருக்கிற ஒரு கடைக்குள்ள ஏறிருவேன் அண்ணாச்சி" என்றார். இந்த ஒரு பாடத்தை அவர் உங்களுக்கு எந்த பெல்ட்டிலும் சொல்லிக்கொடுக்கவில்லை, இப்போது நான் அனுப்புகிறேன். அந்த வாய்க்கால் பாதையை இன்றோடு விட்டுவிடு. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிக் கடைகள் இருக்கிற ரோடு வழியாக வா, நேரம் போனால் போகட்டும். ஆஸ்பத்திரி செக்யூரிட்டியிடமும் அந்த ஊர்ப் போலீசிடமும் அவன் எப்படி இருப்பான், எந்த பஸ், எத்தனை மணி என்று இன்றைக்கே எழுதிக் கொடு, இது சின்ன விஷயம் என்று அவர்கள் நினைப்பார்களோ என்று நீ நினைக்காதே. கூட வேலை பார்க்கிற பிள்ளை யாரையாவது சேர்த்துக்கொண்டு நட. திரும்பி நின்று கேட்க வேண்டாம். பையைப் பிடித்து இழுத்தால் பையை விட்டுவிடு, உன்னையே பிடித்தால் கடித்தாலும் பிராண்டினாலும் கையை எப்படியாவது விடுவித்துக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடு. இங்கே ஓடு என்று நான் எழுதியிருப்பதைச் சரியாக வாசி.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். அப்பா என் பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டார் என்றுகூட நினைப்பாய். நினைத்துக்கொள், நான் வருத்தப்பட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஜெபா, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு தூரத்தில் நீ ஒருத்தனுக்கு முன்னால் கையை நீட்டி, அவன் விழுவான் என்று காத்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணுக்குள் வருகிறது. என் மகள் ஒருத்தனை அடித்துப் போட்டாள் என்று ஊரில் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது, இப்போது இல்லை. நீ ஜெயித்தாயா தோற்றாயா என்று நான் கேட்கப் போவதில்லை, பயந்து ஓடி வந்துட்டேம்ப்பா என்று நீயே போன் செய்து சொன்னால் போதும்.

போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் ஆண்டவர் உன்னோடு கூடவே நடக்கட்டும், உன் கதவு பூட்டுகிற சத்தம் வரைக்கும் அவர் காவல் இருக்கட்டும். அம்மா தன் முத்தங்களைச் சொல்லச் சொன்னாள். சூட்டு அறை விஷயம் இன்னும் அவளுக்குத் தெரியாது, எழுதி முடித்ததும் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டதும் மறக்காமல் ஒரு மிஸ்டு கால் கொடு, எந்த நேரமானாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தெரிந்திருந்தும் ஒன்பது வருஷம் சொல்லாமல் இருந்த உன் அப்பா,
ஞானசிகாமணி