கதவைத் திறந்தது யார்?

அன்பு மகளே,

அன்று போனில் நான் சொன்னதை மறந்துவிடு. லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. டயாலிசிஸுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் தையல்காரர், "போதும்மா, இனிமே வரமாட்டேன்" என்றார். உன்னிடம் போனில் அதையே சொன்ன நான், அவருக்கு எந்த வாயால் புத்தி சொல்வது? ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். கடவுளைத் தேடி அலையும் பித்தன் ஒருவன் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான். தட்டும்போதெல்லாம் பாடுகிறான்: "உள்ளே இருப்பவனே, வெளியே நிற்பதும் நீதானா?" பாட்டும் என் சரக்குதான், சிரிக்காதே.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது என்று சொல்லும்போது என் மெஷின் கத்தியது. நர்ஸ் ஊசியைக் கழற்ற வந்துவிட்டாள்.

"யாரு தொறந்தா? சொல்லிட்டுப் போங்கம்மா!"

"அடுத்த தடவ வாங்க, சொல்றேன்."

திட்டிக்கொண்டே போன மனிதர், அடுத்த முறை எனக்கு முன்னால் வந்து படுத்திருந்தார்! இப்போது ஒவ்வொரு முறையும் ஒரு கதவில் நிறுத்துகிறேன். தன் லீவு நாளில்கூட நர்ஸ் போன் செய்து, யார் திறந்தது என்று கேட்கிறாள்.

கடைசிக் கதவைத் திறப்பது யார் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளாமல் விடுவதாக இல்லை. நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே டயாலிசிஸுக்குக் கிளம்புகிறேன்.

உன் அம்மா