நடு ஆற்றில் ஒரு ‘வரேன்’

மார்கழி 21, திங்கள்

பனி. துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை. வாங்க வேண்டியவை: டீசல், கயிறு, ஹாரனுக்கு பேட்டரி. பேட்டரி போன வாரமே தீர்ந்தது.

ஏழு மணிக்குக் கொள்ளிடத்தில் படகை எடுத்தேன். ஐந்து பேர், ஒரு சைக்கிள். நடு ஆற்றில் எஞ்சினை அணைத்துக் காது கொடுத்தேன். பனியில் அதுதான் முறை. எதிரே இன்னொரு எஞ்சினும் நின்றது. அக்கரைப் படகு, தங்கை அமுதாவின் வீட்டுக்காரர் சேகர் ஓட்டுவது.

“யாரு, மாப்ளயா?”

“நான்தான் மச்சான். வரேன்.”

படகில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. போவதற்கும் வரேன்தான், வருவதற்கும் வரேன்தான். விலகிப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டேன். அவர் நேராக வந்துகொண்டிருந்தார்.

ஏறியவர்களுக்கு ஒன்றுமில்லை. சைக்கிள் ஆற்றில். மாப்பிள்ளையின் வலது கால் இரண்டு படகுக்கும் நடுவில்.

மார்கழி 22, செவ்வாய்

அரியலூர் ஆஸ்பத்திரி. பனி குறைவு.

அமுதா: “ஹாரன் அடிச்சியாண்ணே?”

“அடிச்சேன்.”

ஏன் சொன்னேன், தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

“அப்ப இவருதான் கவனிக்கல” என்றாள்.

கேன்டீனில் இட்லி நான்கு. நான்கையும் தின்றேன். வெட்கமாக இருந்தது.

மார்கழி 23, புதன்

வெயில். டீக்கடையில் ஒருவர்: “இம்மாம் பெரிய ஆத்துல ரெண்டே படகு. அதுவும் மச்சானும் மாப்ளயும். எப்படிய்யா முட்டிக்கிட்டாங்க?” என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கோபம்கூட வரவில்லை.

பேட்டரி வாங்கி மாட்டினேன். அழுத்தினேன். நன்றாகத்தான் கத்துகிறது.

மார்கழி 24, வியாழன்

மறுபடி பனி. பஸ் லேட்.

கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“மச்சான், நீங்க ஹாரன் அடிச்சீங்களாமே. எனக்குக் கேக்கவே இல்ல. காது மந்தமாயிருச்சு போல. டாக்டர்கிட்ட அதையும் ஒரு வார்த்த கேளுங்க.”

வெளியே வந்து அமுதா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “ஹாரன் அடிக்கலம்மா. பேட்டரி இல்ல.”

அவள் அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டார் கையெழுத்துக்கென்று நர்ஸ் கொடுத்திருந்த சம்மதத் தாளை என் மடியில் வைத்தாள்.

“நீயே போடு.”

பேனா எழுதவில்லை. நர்ஸ் வேறு தந்தார். போட்டேன். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில்: மச்சான்.